ஒரு படுக்கையில் தொடங்கிய மருத்துவமனை

நமது வேப்பம்பட்டு நிலையத்தில் வைகறையில் நிற்போர், அரக்கோணம் செல்லும் வண்டிக்காகக் காத்திருக்கும் சிலரைக் கண்டிருப்பர். நோயுற்ற ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி, மருத்துவச் சீட்டுகளை நெகிழிப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு அவர்கள் நிற்பர். எங்கே பயணம் என்று வினவினால் 'வேலூருக்கு' என்ற ஒரு சொல்லே விடையாக வரும். அந்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது என்பதை அவர்களுள் பலர் அறியார். அதனைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வை, நமது சங்கத்தின் வெள்ளி விழாக் காலத்தில் நினைவுகூர்வது பொருத்தமுடையது என்று கருதுகிறோம்.

ஐடா அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இலேயே கடல் கடந்து இலங்கைக்கு வந்த மருத்துவத் தொண்டர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா குழந்தையாயிருந்தபோது, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. பசியால் எழவும் இயலாத பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பணியில் அச்சிறுமியும் பங்கு கொண்டார். அக்காட்சி அவருள்ளத்தில் இரக்கத்தோடு அச்சத்தையும் விதைத்தது. முடிவே காணாத இத்துன்பத்தின் நடுவே வாழ்வதில்லை என்னும் எண்ணத்துடனேயே அவர் அமெரிக்காவில் கல்வி பயின்றார். தொண்டர் குடும்பத்தில் பிறந்தும் தொண்டினின்று விலக விரும்பினார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. சுமையின் அளவைக் கண்டு மலைப்பது மனித இயல்பு.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாயார் நோயுற்றமையால் 1890-இல் ஐடா திண்டிவனம் வந்தார். ஒரு நாள் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் இல்லத்துக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆடவர் கை பட்டு உயிர் பிழைப்பதை மரபு ஒப்பாது என மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்ததும் அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

மரபென்னும் பெயரால் மனித உயிர் மலிவாக்கப்படுவதைத் தலைமுறை தலைமுறையாய் அனுபவித்தவர்கள் நாம். தீண்டாமைக்கு ஆட்படாத வீடுகளிலும் அம்மரபு பெண்களைப் பலி கொண்டது என்பதை அவ்விரவு காட்டுகிறது.

நாடெங்கும் அவ்வாறு இறந்துகொண்டிருந்த பெண்கள் எத்தனை ஆயிரவர் என்று எண்ணியிருந்தால் ஐடா மீண்டும் கப்பலேறி மறைந்திருப்பார். அவர் அதை எண்ணவில்லை. தம்மால் செய்யக்கூடிய அடுத்த செயல் யாது என்று மட்டும் எண்ணினார். மருத்துவம் கற்பதே அது எனத் துணிந்தார். 1899-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

படிப்படியாக

1900-இல் வேலூர் வந்த அம்மையார் தந்தையாரின் நிழலில் பணி பழக எண்ணியிருந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். மருத்துவமனை கட்ட அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் கையில் இருந்தது, கட்டடம் இல்லை. இளம்பெண்ணொருத்தியிடம் மருத்துவம் பார்க்க மக்களுக்கு நம்பிக்கையும் இல்லை. அந்நிலையில் வீட்டிலேயே ஓர் அறையில் ஒரு படுக்கையிட்டுப் பணியைத் தொடங்கினார். சன்னலருகே நின்று மருந்து வழங்கினார். ஈராண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

வேலூர்வரை நடந்து வர இயலாத ஏழைகள் கிராமங்களில் மிகுந்திருந்தனர். அவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலை வழியே அம்மையாரே சென்றார். முதலில் மாட்டு வண்டி, பின்னர் மோட்டார் வண்டி. மரநிழலே மருத்துவச் சாலை ஆயிற்று. தொழுநோயாளரும் அங்கே ஒதுக்கப்படவில்லை.

எத்துணை உழைத்தாலும் ஒருவர் கை இரண்டே. அதை உணர்ந்த அம்மையார் பிறர் கைகளை உருவாக்க முற்பட்டார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். பெண்கள் வந்து சேரவே மாட்டார்கள் என்று ஐயுற்றவர் பலர். வந்த விண்ணப்பங்களுள் பலவற்றை இடமின்றி மறுக்க நேர்ந்தது. 1922-இல் முதல் அணியினர் 14 பேர் படிப்பை முடித்து வெளிவந்தனர்.

பின்னர், எல்.எம்.பி. பட்டயப் படிப்பு நீக்கப்பட்டு, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயராத பள்ளிகள் மூடப்படும் நிலை வந்தது. அம்மையாருக்கு அப்போது எழுபதை எட்டும் வயது. கூடுதல் படுக்கைகளும் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. 1941-இல் அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். பள்ளி கல்லூரியாயிற்று. 1947-இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். 1960 மே திங்களில் கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. அம்மையாருக்கு அயல்நாட்டுச் செல்வர் துணை இருந்தது. நம் சங்கத்துக்குக் கூலி வேலை செய்வோரின் மாதச் சந்தாவே துணை. எனினும் வரிசை ஒன்றே. அவருக்கும் பெருங்கட்டடம் முதலில் வரவில்லை. ஒரு படுக்கையே முதலில் வந்தது.

நமது இளைஞர் சிலர் அண்மையில் சோர்ந்து பேசக் கேட்கிறோம். சாதிச் சான்றிதழுக்கு அலையும் பெற்றோர், பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படும் பெண் பிள்ளைகள், மதுவால் குலையும் குடும்பங்கள் என எதை முதலில் தொடுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். நாமும் பள்ளியில் பல மாலைகளில் வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மலைத்து அமர்ந்ததுண்டு. பட்டியல் முழுவதையும் நோக்கிய நாள்களில் ஒன்றும் செய்ததில்லை. ஒரு பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அவ்வீட்டுக்கு நடந்த நாள்களில் ஒரு பிள்ளையேனும் திரும்பி வந்ததுண்டு.

சிறிய அடி என்பது சிறியதோடு நிறைவுறுவதன்று. சிறுகச் செய்யுங்கள் எனக் கூறி நம் உரிமைக் கோரிக்கைகளை ஒத்திப்போட முயல்வாரும் உளர். அம்மையார் ஒரு படுக்கையோடு நின்றுவிடவில்லை. மருத்துவப் பள்ளி கேட்டு அரசின் கதவையும் தட்டினார். நாளும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நடப்போம். உரியதை உரத்துக் கேட்கவும் செய்வோம். இவ்விரண்டையும் விடாது செய்தால், இச்சங்கத்தின் பொன்விழா மலரை எழுதும் கை, இன்று நாம் பள்ளிக்கு மீட்டு வரும் ஒரு பெண்பிள்ளையின் கையாக இருக்கும்.