மருந்து தந்த மாமேதை சுப்பாராவ்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதரில் தைத்த அறுவை அங்கியுடன் வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் முகம் சுளித்தார். கைக்கு வந்ததோ எம்.பி.பி.எஸ். அன்று, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ்.!

1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த அவருக்கு வறுமையும் இழப்பும் புதியனவல்ல. உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் படித்துக்கொண்டே மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. வீட்டில் ஓர் உயிருக்கோ காலம் கடந்துவிட்டது.

வியப்பு இனிமேல்தான். இரத்தப் புற்றணு பெருகவும் ஃபோலிக் அமிலம் வேண்டும். உருவத்தில் அதனை ஒத்திருந்து, அணுவை ஏமாற்றிப் பட்டினி போடும் போலிப் பொருள் ஒன்றைச் செய்தால்? அப்படிப் பிறந்ததே அமினோப்டெரின். பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேர் சிறிது காலமேனும் தேறினர். அதன் இனத்ததாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கு மருந்து. யானைக்கால் நோய்க்கு நாம் அறிந்த ஹெட்ராசான் மாத்திரையும் அவர் தலைமையிலான ஆய்வுக்கூடம் தந்ததே.

1948 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது வயது 53. கப்பலேறியபின், மனைவியை அவர் மறுபடியும் காணவேயில்லை.