வேர் சொன்ன உண்மை

ஜெர்மனி நாட்டின் டிரெஸ்டன் நகரில் 1839ஆம் ஆண்டு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்று தாவரவியல் அறிஞரானார். பயிர்களைத் தாக்கும் நோய்களைப் பற்றிப் பெரியதொரு நூலை எழுதினார். பின்னர் பெர்லின் வேளாண் கல்லூரியில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

மண்ணுக்குள் மரவேர்களின் அருகே விளையும் டிரஃபிள் என்னும் பூஞ்சை, விலை உயர்ந்த உணவாகும். அதனைப் பயிரிடும் வழியைக் கண்டறியுமாறு பிரஷ்ய அரசு பிராங்கைக் கேட்டுக்கொண்டது. அவர் காட்டு மரங்களின் அடியில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். டிரஃபிளை விளைவிக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை; ஆனால் அதனினும் பெரிய உண்மை ஒன்று கிட்டியது.

மரங்களின் நுண்ணிய வேர்நுனிகளைப் பூஞ்சை இழைகள் உறைபோல் போர்த்தியிருந்தன. வேரில் பூஞ்சை படர்ந்தால் அது நோய் என்றே அறிஞர் பலரும் கருதிய காலம் அது. ஆயினும் அம்மரங்கள் நலமாகவே இருந்தன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்துகளையும் ஈர்த்து மரத்திற்கு ஊட்டுகிறது என்னும் கருத்தை 1885ஆம் ஆண்டு பிராங்க் வெளியிட்டார். இவ்வேருக்கு ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். பூஞ்சை, வேர் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர்.

அறிஞர் சிலர் இக்கருத்தை ஏற்க மறுத்தனர். பிராங்க் சொற்போரில் இறங்காமல் சோதனையில் இறங்கினார். பைன் நாற்றுகளை இருவகை மண்ணில் வளர்த்தார். ஒன்று இயல்பான காட்டு மண். மற்றொன்று சூடேற்றிப் பூஞ்சைகளை அழித்த மண். பூஞ்சையுள்ள மண்ணில் நாற்றுகள் செழித்தன. பூஞ்சையற்ற மண்ணில் நலிந்தன. எனினும் ஐயங்கள் முற்றும் நீங்குமுன்னே, 1900ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, சுவீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் மெலின் கதிரியக்கப் பாஸ்பரசைப் பயன்படுத்தி ஆராய்ந்தார். பூஞ்சை இழை வழியே பாஸ்பரஸ் பைன் நாற்றைச் சென்றடைந்தது. மரம் தன் இலைகளில் உருவாக்கும் சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கைம்மாறாக அளிப்பதும் பின்னர் உறுதியாயிற்று.

பிராங்க் நுண்ணோக்கியில் கண்ட இழைகள் எந்த இனத்தைச் சேர்ந்தவை எனப் பிரித்தறிவது அரிது. பல பூஞ்சைகள் கண்ணுக்குத் தெரியும் காளான்களைத் தோற்றுவிப்பதில்லை. இன்றைய ஆய்வாளர்கள் வேர்நுனியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கின்றனர். அதன் குறிப்பிட்ட ஒரு பகுதியில் அமைந்துள்ள எழுத்து வரிசையைப் படித்து, முன்பே அறியப்பட்ட இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டு, பூஞ்சையின் இனத்தை அறிகின்றனர். ஒரே மரத்தின் வேர்களில் பல இனப் பூஞ்சைகள் குடியிருப்பதை இம்முறை காட்டுகிறது.

தேடியது கிட்டாதபோதும் கண்டதைப் புறக்கணிக்காத பிராங்க் இட்ட பெயரையே அறிவுலகம் இன்றும் வழங்கி வருகிறது.