சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஹற்றனிலே புகையிரதமேறி, நாவலப்பிட்டியும் கம்பளையுங் கடந்து, பேராதனைச் சந்தியிலே உயர்கல்வி நாடி இறங்கும் மாணவர் நம் மலைநாட்டிற் பலராவர். ஹந்தானை மலைச்சாரலில், மகாவலி கங்கைக் கரையில் விளங்கும் அப்பல்கலைக்கழகத்தில் அருணாசலம் மண்டபம் என்றொரு விடுதி உண்டு. அப்பெயர்க்குரிய பெரியார் யாவர்? அவர்க்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் யாது தொடர்பு? இவ்விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அருணாசலம் அவர்கள் 1853-ஆம் ஆண்டு செப்டெம்பர் 14-ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். கொச்சிக்கடையில் சிவாலயம் நிறுவிய பொன்னம்பல முதலியார் அவர்தம் தந்தையார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தமையனார். பின்னாளில் இறோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1875-இல், பகிரங்கப் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையோடு தாயகம் மீண்டார். பதிவாளர் நாயகமாகக் காணிப் பதிவு முறையைச் சீர்செய்தமையும், 1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அறிக்கை வரைந்தமையும் அவர்தம் உத்தியோக வாழ்விற் சிறந்தன.

எனினும், அவர் உள்ளத்தை உறுத்திய குறை ஒன்றிருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் 1857-லேயே பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஜப்பானியர் 1877-இல் டோக்கியோவிலும் 1897-இல் கியோட்டோவிலும் தமக்கெனப் பல்கலைக்கழகம் கண்டனர். ஆரம்பத்தில் அந்நிய ஆசிரியரை வருவித்து அந்நிய மொழியிற் கற்ற அவர்கள், தம்மவரைப் பிறநாடுகளுக்கு அனுப்பிப் பயிற்றி, நாளடைவில் தம்மவரைக்கொண்டே தம்மொழியிற் கற்பிக்கலாயினர். இலங்கை மாணவரோ இங்கிலாந்திலே வகுத்த வினாக்களுக்கு விடையெழுதி, ஆங்கோர் சான்றிதழ் வருமென்று காத்திருந்தனர். தாய்மொழியும் நாட்டு வரலாறும் அறியாதார் கற்றவரெனப்பட்டனர். சைவத் திருமுறைகளை ஆராய்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்த அருணாசலத்திற்கு இந்நிலை பெருந்துயர் விளைத்தது. 1906-இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்து, நாட்டு மொழிகளுக்கு உரிய இடமளிக்கும் பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் நடத்தினார்.

1913-இல் ஓய்வு பெற்றவர் ஓய்ந்திருந்தாரில்லர். 1915-இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பார்வை தோட்டத்து லயங்களை நோக்கிற்று. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி சிறை செல்ல நேரிடும். அதன்மேல், கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டஞ் செல்லவொட்டாத துண்டு முறை வேறு. மலைநாட்டிற் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்ற பெரி சுந்தரம் அவர்களைச் செயலாளராகக் கொண்டு, 1919-இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவி இக்கொடுமைகளை எதிர்த்தார். 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்தே நீங்கின. பெரி சுந்தரம் 1931-இல் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாகி, தொழில் அமைச்சராகவும் விளங்கினார்.

1919-ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும் அருணாசலம் தெரிவானார். தமிழர் பிரதிநிதித்துவம் பற்றிய பிணக்கால் 1921-இல் அதனை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அதற்குப் பட்டமளிக்கும் உரிமை இல்லை, லண்டன் பரீட்சைகளையே அது சார்ந்து நின்றது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் திகதி, தல யாத்திரை சென்ற அப்பெரியார் மதுரையிலே சிவபதம் அடைந்தார். தாம் விரும்பிய பல்கலைக்கழகத்தை அவர் காணவில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின், 1942-இலேயே இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. 1952-இற் பேராதனைக்கு வந்தது.

பல்கலைக்கழகம் வேறு, தோட்டத் தொழிலாளர் துயர் வேறு எனச் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணுகின்றோமில்லை. கடனாற் கட்டுண்ட தந்தையின் மகனுக்குக் கல்விச்சாலை எங்ஙனந் திறக்கும்? இலவசக் கல்வி 1945-இல் வந்தும், தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே கிடந்தன. 1970-களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. ஹற்றனிலிருந்து பேராதனைக்கு உள்ள புகையிரதப் பாதை சில மணி நேரத்தது. லயத்துப் பிள்ளை அதனைக் கடக்கத் தலைமுறைகள் சென்றன.

இன்று அருணாசலம் மண்டபத்திலே தங்கும் மலைநாட்டு மாணவன், அப்பெரியாரின் இரு முயற்சிகளும் ஒருங்கே ஈன்ற பயனாவான். அத்தகையோர் தொகை இன்னுஞ் சிறிதே. பழைய மாணவராகிய நாம் ஆளுக்கொரு தோட்டத்துப் பிள்ளையின் படிப்புக்கேனும் துணைநிற்போமாயின், அதுவே அன்னார்க்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும்.