ஜூன் கார்ட்டர் கேஷ்

ஜூன் கார்ட்டர் கேஷ் (ஜூன் 23, 1929 – மே 15, 2003) ஓர் அமெரிக்கப் பாடகி, பாடலாசிரியர், நடிகை ஆவார். இவரது இயற்பெயர் வேலரி ஜூன் கார்ட்டர். கன்ட்ரி இசைப் பாடகரும் தன் கணவருமான ஜானி கேஷுடன் பாடிய டூயட் பாடல்களால் பெரிதும் அறியப்பட்டவர். அப்பாடல்களின் புகழ், தனிக் கலைஞராக இவர் ஆற்றிய பணியை நெடுங்காலம் மறைத்தது.

இளமை

ஜூன், வர்ஜீனியா மாநிலத்தின் மேசஸ் ஸ்பிரிங் என்ற மலைப்பகுதிச் சிற்றூரில் பிறந்தார். இவரது தாய் மேபெல் கார்ட்டர், 1927 இல் பிரிஸ்டல் நகரில் முதன்முறையாக இசைத்தட்டுக்குப் பாடிய கார்ட்டர் குடும்பம் என்ற மூவர் குழுவின் கிட்டார் கலைஞர். 1943 இல் அக்குழு கலைந்தபின், மேபெல் தன் மகள்கள் ஹெலன், ஜூன், அனிதா ஆகியோருடன் புதிய குழுவை அமைத்தார். அதில் ஜூன் ஆட்டோஹார்ப் இசைத்ததோடு நகைச்சுவைப் பகுதிகளையும் வழங்கினார். 1950 இல் இக்குழு நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தது. பின்னர் ஜூன் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் நடிப்புப் பயின்றார். கன்ஸ்மோக் தொலைக்காட்சித் தொடரிலும், தி அப்போஸ்தல் (1997) திரைப்படத்திலும் நடித்துள்ளார்.

பாடலாசிரியர்

மெர்ல் கில்கோருடன் இணைந்து இவர் எழுதிய ரிங் ஆஃப் ஃபயர் பாடலை முதலில் பதிவு செய்தவர் இவரது தங்கை அனிதா. 1963 இல் ஜானி கேஷ் மெக்சிகோ பாணி டிரம்பெட் இசையுடன் அதைப் பாடினார். அப்பதிவு கன்ட்ரி இசைப் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

டூயட் இசைத்தொகுப்பு

கேரியிங் ஆன் வித் ஜானி கேஷ் அண்ட் ஜூன் கார்ட்டர் என்ற தொகுப்பை கொலம்பியா நிறுவனம் 1967 இல் வெளியிட்டது. இதிலுள்ள 11 பாடல்களில் பாப் டிலன், ரே சார்ல்ஸ் ஆகியோரின் பாடல்களும் அடங்கும். தொகுப்பு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 5 ஆம் இடத்தையும், ஜாக்சன் என்ற பாடல் 2 ஆம் இடத்தையும் பெற்றன. ஜாக்சன், கணவன் மனைவி பூசலை நகைச்சுவையாகச் சொல்லும் பாடல். கேஷின் தாழ்ந்த குரலுக்கு ஜூன் கரகரப்பும் கேலியும் கலந்து பதில் தருகிறார். மேடை நகைச்சுவையில் பெற்ற பயிற்சி இங்கே அவருக்குக் கைகொடுத்தது. இப்பாடலுக்கு 1968 இல் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

தொகுப்பு வெளிவந்தபோது இருவரும் மணம் புரிந்திருக்கவில்லை. மார்ச் 1, 1968 இல் திருமணம் நடந்தபின், இப்பாடல்கள் அவர்களது காதல் கதையின் பகுதியாகவே கேட்கப்பட்டன. இஃப் ஐ வேர் எ கார்ப்பென்டர் என்ற டூயட் பாடலுக்கு 1971 இல் மீண்டும் கிராமி விருது பெற்றனர். ஆயினும் ஜூனின் முதல் தனித்தொகுப்பான அப்பலாச்சியன் பிரைடு 1975 இல்தான் வெளிவந்தது. அடுத்த தனித்தொகுப்பான பிரஸ் ஆன் வெளிவர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கிராமி விருதையும் வென்றது.

மறைவும் மதிப்பீடும்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் ஜூன் 2003 இல் நாஷ்வில்லில் காலமானார். நான்கு மாதங்களில் ஜானி கேஷும் மறைந்தார். அதே ஆண்டு வெளிவந்த வைல்டுவுட் ஃபிளவர் தொகுப்பு ஜூனுக்கு மேலும் இரு கிராமி விருதுகளைப் பெற்றுத் தந்தது. வாக் தி லைன் (2005) திரைப்படத்தில் ஜூனாக நடித்த ரீஸ் விதர்ஸ்பூன் ஆஸ்கார் விருது பெற்றார்.

கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் கார்ட்டர் குடும்பம் 1970 இலும், ஜானி கேஷ் 1980 இலும் சேர்க்கப்பட்டனர். ஜூன் தன் பெயரிலேயே அங்கு இடம்பெற்ற ஆண்டு 2025. அப்போது அவர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.