டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

பெண்களுக்குச் சாஸ்திரக் கல்வி வேண்டுமென்று பேசுவோர் பலர். அதற்கு இடங்கொடுப்போர் சிலரே. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கலாசாலையில் சேர விரும்பியபோது பலத்த ஆட்சேபம் எழுந்தது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார்.

அவ்வனுமதி வீண்போகவில்லை. 1907-ல் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1912-ல் அம்மையார் டாக்டரானார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் உபதலைவராக விளங்கி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வாதாடினார். அதிலிருந்து தப்பிவந்த சிறுமிகளுக்கு 1930-ல் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. அங்கே அன்னத்தோடு கல்வியும் கிடைத்தது. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கு பணியேற்ற டாக்டர் சாந்தா, பிற்காலத்தில் அதன் தலைமையை வகித்து, 2021-ல் மறையும்வரை அதற்கே உழைத்தார்.

1968-ல் அம்மையார் காலமானார். தாம் பெற்ற இடத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ளாது, பிறருக்கும் இடம் உண்டாக்கியதே அவர் பெருமை. இன்று விஞ்ஞானமும் யந்திரக் கலையும் பயிலும் நம் பெண்களுக்குக் கலாசாலையில் இடமளிப்பது மட்டும் போதாது. தக்க உத்தியோகமும், அதில் உயர வழியும் வேண்டும். அவற்றை அளிப்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.