கரும்புக்கு வேர்ப்பலம் தந்தவர்

கார்த்திகைத் தீப நாட்களில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்களைக் காணலாம். பிள்ளை வரம் பெற்றவர்கள் கரும்பில் தூளி கட்டிக் குழந்தையைச் சுமந்து வலம் வருவார்கள். பிள்ளையைத் தாங்கும் கரும்பு, பூமியில் நன்கு வேரூன்றி நிற்க வழி செய்தவர் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

அவர் பிறந்தது 1884-ல். அக்காலத்தில் நம் நாடு ஜாவா சர்க்கரையைக் கப்பல் கப்பலாக வாங்கியது. வடநாட்டுக் கரும்பு மெலிந்தது, மகசூல் சொற்பம். தென்னாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை.

1912-ல் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும். தலைவர் பார்பர் என்ற ஆங்கிலேயர், உதவியாளர் வெங்கட்ராமன். இனிப்பே இல்லாத பேய்க்கரும்பு, காட்டு நாணல், இவர்கள் கண்ணில் பட்டது. அதன் வேரோ ஆழமானது, உறுதியானது. 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்போடு அதைக் கலந்தார்கள்.

வேரின் சங்கதி வேடிக்கையானது. இலை சமைக்கும் சர்க்கரைதான் அதற்கு ஆகாரம். அதை மண்ணிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு எரித்தே வேர் வளர்கிறது. தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டும். பிராணவாயுவிலிருந்து பிறக்கும் சில உக்கிரமான பொருள்கள் அளவோடிருந்தால் வேர் நீளும். மிஞ்சினால் வேர் நுனியையே எரித்துவிடும். வறட்சியில் அவை மிகுகின்றன. இந்தச் சமநிலையைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. வெங்கட்ராமனோ, வறண்ட நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் வேரைத் தேடி, வேர்களின் அமைப்பையே தனியாக ஆராய்ந்தார்.

1918-ல் 'கோ 205' பஞ்சாபுக்குச் சென்றது. உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது! பின்னர் நிலையத்தின் தலைமை ஏற்ற வெங்கட்ராமன், மேலும் பல ரகங்களைத் தந்தார். 1942-ல் 'சர்' பட்டமும், 1956-ல் பத்ம பூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1963-ல் காலமானார்.

இன்று தமிழக வயல்களில் பெரிதும் பயிராவது 'கோ 86032'. அந்தக் 'கோ' கோயமுத்தூரைக் குறிக்கும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கரும்பு விவசாயி, வடிகால் வெட்டி வேருக்குக் காற்று விடும்போது, அந்தப் பெரியவரின் உழைப்பையும் காக்கிறார்.