பிள்ளைகளை விரட்டாத சாபின்

அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணாடிப் பெட்டிகளை அவசரமாகப் பார்த்துவிட்டு, நீளமான கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவீர்கள், இல்லையா?

லண்டனின் கிழக்கே, ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி பெத்னல் கிரீன். அங்கே 1872ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். 1922ல் அதன் காப்பாளராக வந்தார் ஆர்தர் சாபின். கவிஞர் அவர், சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துப் புத்தகங்களும் அச்சிட்டவர். கூடம் நிறையப் பிள்ளைகள்; பார்க்க எதுவும் பிடிக்காமல் ஒரே கூச்சல்! நானாக இருந்தால் பிரம்பைத் தேடியிருப்பேன். அவரோ பிள்ளைகளை விரட்டவில்லை. காட்சிப் பொருட்களை மாற்றினார்!

உள்ளேயே ஒரு வகுப்பறை அமைத்து, ஆசிரியர்களை வைத்தார். பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் தேடிச் சேர்த்தார். மேரி கிரெக் என்ற பெண்மணி தம் சேகரிப்பை அள்ளிக் கொடுத்தார். ராணி மேரியும் பொம்மைகள் தந்தார். 1673ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் செய்த பொம்மை வீடு ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சமையலறையில் குட்டிக் குட்டிப் பாத்திரங்கள், நம் வீட்டுச் செப்புச் சாமான் போலவே!

அக்கம்பக்கத்து மக்களையும் சாபின் மறக்கவில்லை. பெத்னல் கிரீனில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்தவர்களைப் பற்றி 1931ல் நூல் எழுதினார்.

1959ல் சாபின் காலமானார். 1974ல் அந்த இடம் குழந்தைப் பருவத்துக்கான அருங்காட்சியகமாகவே மாறியது. 2023ல் புதுப்பித்துத் திறந்தார்கள். எப்படி அமைக்கலாம் என்று அவர்கள் யோசனை கேட்டது யாரிடம் தெரியுமா? பிள்ளைகளிடம்தான்!